தலைவரின் மெய்வயது

மாநில மெய்வயது நிர்ணய வாரியத்தின் தலைவர் முனைவர் கிருபாகரனுக்குப் பள்ளிச் சான்றிதழின்படி ஐம்பத்து நான்கு வயது. திருச்சியில் புதிய வயதுமானியைத் திறந்து வைத்த அன்று, அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன்னிலையில், அவருக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது.

இயந்திரத்தின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் நம்முடைய வழக்கத்தில் இருக்கிறது. எதைத் திறந்து வைத்தாலும் திறப்பவர்தான் முதலில் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். நூலகம் என்றால் ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். சாலை என்றால் நாலு எட்டு நடப்பார். கழிப்பறை வளாகமாக இருந்தால் குழாயைத் திருகிக் கை கழுவிவிட்டு, ஈரக்கையோடு கும்பிடு போடுவார். வயதுமானி என்றால் என்ன செய்வது என்று விழாக் குழுவில் யாரும் யோசிக்கவில்லை. மாலைக்கும் மைக்குக்கும் யோசித்தார்கள்.

மெய்வயதுச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முன்பு நம் மாநிலத்தில் ஒரு மனிதனுக்கு மூன்று வயது இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்த வயது ஒன்று. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் அவசரத்தில் எழுதிய வயது ஒன்று. வரன் பார்க்கும்போது சொல்லும் வயது இன்னொன்று. பாதி ஜனம் மே மாதமும் ஜூன் மாதமுமே பிறந்திருந்தது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க வந்தவர்தான் கிருபாகரன். பிறந்த தேதியைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக எலும்பையே கேட்டுவிடலாம் என்றார். எலும்பு எவ்வளவு கெட்டி, தசைக்கு எவ்வளவு தெம்பு என்று வயதுமானி அளந்து சொல்லும். அதுதான் மெய்வயது. அந்தக் கணக்கில் அறுபது ஆனால் பணி ஓய்வு. 'எலும்பு பொய் சொல்லாது' என்ற வாசகம் வாரியத்தின் சுவரெங்கும் எழுதப்பட்டது. வாரிய உறுப்பினர்களை மட்டும், பதவியின் மாண்பு கருதி, யாரும் அளந்ததில்லை.

விழா மேடையில் கிருபாகரன் வலது கையை இயந்திரத்தின் குழாய்க்குள் விட்டார். குதிகாலைப் பள்ளத்தில் வைத்தார். பிடியை அழுத்தச் சொன்னது, அழுத்தினார். கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னது. முதல் முறை எழப் பார்த்தார். இரண்டாவது முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது முறை, நேர்முக உதவியாளர் சிவநேசன் பதினோரு வருடப் பழக்கத்தில் ஓடிவந்து முழங்கைக்கு அடியில் கை கொடுத்தார்.

"உதவியாளர் விலகி நிற்கவும்" என்றது இயந்திரம், இனிய பெண் குரலில்.

திரையைக் கல்யாண மண்டபத்து ஆட்களிடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆகவே அறுபத்தெட்டு என்ற எண் ரோஜாப்பூ வளைவுக்கு நடுவே, மல்லிகை மழையில் நனைந்தபடி வந்து நின்றது. நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளம் தட்டினார்.

அன்று மதியமே கட்டாய விடுப்பு ஆணை வந்துவிட்டது. சட்டம் அப்படி. தலைவர் பதவிக்கு மட்டும் ஓராண்டுக்குள் மறு அளவீடு உண்டு. அதில் அறுபதுக்குக் கீழே இறங்கினால் பதவி, இல்லையென்றால் வீடு. பொறுப்புத் தலைவராகியிருந்த துணைத் தலைவர் விக்டர் ஞானராஜ் போனில் துக்கம் விசாரித்தார்.

"ஒரு வருஷம்தானே சார். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிரும். அதுவரைக்கும் நாற்காலியைச் சூடு ஆறாம நான் பாத்துக்கறேன்."

சிவநேசன் விசுவாசி. அவர் வேறு வழி யோசித்து வந்தார். "ஐயாவுக்கு எதுக்கு வீண் சிரமம்? தூக்க வேண்டியதை ஐயா பேர்ல நான் தூக்கிடறேன். அதிகாரப் பகிர்வுல இதுக்கு இடமிருக்கான்னு பாக்கறேன்."

கிருபாகரன் இந்த யோசனையை ஒரு நாள் முழுக்கப் பரிசீலித்தார் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மனைவி தேன்மொழியிடம் வந்து நின்றார். வந்து நிற்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது. காரணம் உண்டு.

தேன்மொழி உறையூர் அரசு பெண்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஐம்பத்தொரு வயதில், வயதுமானி அவளுக்கு அறுபது என்று காட்டியது. மேல்முறையீடு செய்தாள். விசாரித்தவர் கிருபாகரன். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே இரண்டு நிமிடத்தை அவளுக்கும் கொடுத்து, அதே மணியை அடித்து, அதே முகத்தோடு தள்ளுபடி செய்தார். மனைவிக்குக்கூடச் சலுகை காட்டாத மாமனிதர் என்று நாளிதழ்கள் எழுதின. 'எலும்பிலும் நேர்மையர்' என்று ஒரு பேரவை பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தவள் தேன்மொழிதான்.

அதற்கு அடுத்த வாரம் அவள் தில்லைநகரில் ஒரு எடைப்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். வாரியத் தலைவரின் மனைவி இரும்பு தூக்குவதாவது என்று கிருபாகரன் வருத்தப்பட்டார். அவள் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

"தேனு, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றார் இப்போது.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "மனு எழுதிக் குடுங்க. ரெண்டு நிமிஷம் தரேன்."

"அதையெல்லாம் இப்ப எதுக்கு."

"சரி, மணி இல்லாமலே கேக்கறேன். என்ன வேணும்?"

"எலும்பு கெட்டியாகணும்."

"எலும்புன்னா என்னன்னு நெனைச்சிருக்கீங்க?"

"உடம்பைத் தாங்கற தூண்." மேடைகளில் அப்படித்தான் பேசியிருக்கிறார்.

"தூண்னா கட்டி முடிச்சாச்சு, அப்படியே நிக்கும். எலும்பு அப்படி இல்ல. அது என்னிக்குமே முடியாத கட்டட வேலை. உள்ள ரெண்டு கோஷ்டி இருக்கு. ஒண்ணு பழசை இடிச்சுக்கிட்டே போகும், இன்னொண்ணு பின்னாடியே புதுசாக் கட்டிக்கிட்டு வரும். இடிக்கறவங்களுக்கு யார் உத்தரவும் வேண்டாம். கட்டறவங்க மட்டும், பாரம் ஏறினாத்தான் வேலைக்கு வருவாங்க. பாரமே இல்லேன்னா, இங்க எதுக்குப்பா செங்கல்லுன்னு போயிடுவாங்க."

"என் மேல எவ்வளவோ பாரம் இருக்கு. எட்டுக் கமிட்டிக்குத் தலைவன்."

"அந்தப் பாரம் நாற்காலிக்கு." கீரைத்தண்டை ஒடித்தாள். "பாரத்தை எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேக்கறது தசை. அது ஒரு பக்கத்து எலும்புல முளைச்சு, மூட்டைத் தாண்டி, அடுத்த எலும்பைப் பிடிச்சு இழுக்குது. இழுக்க இழுக்கத்தான் எலும்புக்கு ஆள் இருக்கறது தெரியும். உங்க தசை கடைசியா எதை இழுத்துச்சு, யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். பொன்னாடை விழாமல் தோளை உயர்த்தியது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பயிற்சி தொடங்கியது. முதல் பாடம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முப்பது வருட அரசுப் பணியில் உட்கார்வதை மட்டுமே முறையாகக் கற்றிருந்தவருக்கு எழுவது கடினமாகத்தான் இருந்தது. தொடை நடுங்கியது. அதுவரை தொடை என்பதைப் பந்தியில் இலை போட்டதும் கைக்குட்டை விரிக்கும் இடமாகவே அவர் அறிந்திருந்தார்.

"மூச்சை அடக்காதீங்க. யாரும் உங்களைப் படம் எடுக்கல" என்றாள் தேன்மொழி.

சாப்பாடு மாறியது. கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாடும் கொண்டைக்கடலையும் முட்டையும் தட்டுக்கு வந்தன. காலை வெயிலில் மொட்டை மாடியில் நிற்க வைத்தாள். நடந்தால் போதாதா என்று கேட்டார். நடப்பது நல்லதுதான், ஆனால் எலும்புக்கு அது பழகிப்போன விருந்தாளி, அதற்காக யாரும் புதிதாக உலை வைக்க மாட்டார்கள், கொஞ்சம் கனமான ஆள் வர வேண்டும் என்றாள். மாடிப்படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறச் சொன்னாள். மூன்றாவது வாரம் கையில் இரும்பைக் கொடுத்தாள்.

முதல் ஒரு மாதம் அவருக்கு உடம்பில் இல்லாத இடமெல்லாம் வலித்தது. இரண்டாவது மாதத்தில் ஒருநாள் ஊறுகாய் பாட்டில் மூடியைச் சிவநேசனைக் கூப்பிடாமல் தானே திறந்தார். திறந்த மூடியை வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் திறப்பு விழாவிலும் அவருக்கு இப்படி இருந்ததில்லை. கைதட்டல் இல்லாமலே ஒரு காரியம் நடந்து முடியும் என்பது புது அனுபவம். இன்னும் ஏதாவது மூடி இருக்கிறதா என்று சமையலறையில் தேடினார்.

தசைதான் முதலில் பதில் சொல்லும், எலும்பு மெதுவாகத்தான் வாய் திறக்கும் என்று தேன்மொழி எச்சரித்திருந்தாள். கோப்பு நகரும் வேகம் என்று அவருக்குப் புரிந்தது. அவசரப்படாமல் தூக்கினார். ராத்திரி மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்தது. பசி நேரத்துக்கு வந்தது. பாதி வருடம் போனபின், தில்லைநகர் கூடத்துக்கே அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு நர்ஸ், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு தாசில்தார், இரண்டு ஆசிரியைகள். எல்லோரும் வாரியத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். கிருபாகரனைப் பார்த்ததும் கண்டக்டர் ரெஜினா கையிலிருந்த எடையைக் கீழே வைத்தாள்.

"வாங்க சார். ரோஜாப்பூவுக்கு நடுவுல உங்களைப் பாத்தோம். லட்சணமா இருந்தீங்க."

சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவருக்கு ஒன்று உறைத்தது.

"என்ன, எல்லாருமே லேடீஸா இருக்கீங்க? ஆம்பளைங்க யாரும் ஓய்வு ஆகலியா?"

இந்த முறை அவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். தேன்மொழி மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆக மாட்டாங்க. நீங்க போட்ட கோடு அப்படி."

"எந்தக் கோடு?"

"எலும்பு இவ்வளவு இருந்தா வயசு இவ்வளவுன்னு அளக்கற கோடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாத்தான் போடணும். நீங்க ரெண்டு பேரையும் கலந்து சராசரி எடுத்து ஒரே கோடாப் போட்டீங்க."

"ஆமா. சமத்துவக் கோடு. அதுக்கு விருது வாங்கினேன்."

"தெரியும். தூசி தட்டறது நான்தான்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "பெண்ணோட எலும்பு ஆரம்பத்துலயே சிறுசு. மாதவிடாய் நிக்கற காலத்துல இடிக்கற கோஷ்டிக்குக் கை ஓங்கிரும். சில வருஷத்துக்கு மளமளன்னு கரையும். அது வயசுக்கு இயல்பு. அதைக் கொண்டுபோய் ஆம்பளையோட சேத்து அளந்தா அவ கிழவியாத்தான் தெரிவா. எனக்கு நிஜமான வயசு எதுவோ அதுதான் எலும்புக்கும் இருந்துச்சு. உங்க கோடு ஒம்பது வயசு ஏத்திருச்சு."

"ஆம்பளைங்களுக்கு?"

"நாலு வயசு குறைச்சுக் காட்டும். அன்னிக்கு உங்களுக்கு வந்த அறுபத்தெட்டுகூடத் தள்ளுபடி போகத்தான்."

ரெஜினா அடுத்த எடையை எடுக்கப் போனவள், கேட்பதற்காக நின்றாள்.

"இதை ஏன் அப்பவே நீ சொல்லல?" என்றார் கிருபாகரன்.

"விசாரணையில சொன்னேன். கோடுங்கற வார்த்தைக்கு வந்தப்ப மணி அடிச்சீங்க. வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுல ஆபீஸ் பேசாதேன்னீங்க. வேற எங்க வந்து சொல்லட்டும், திறப்பு விழாவுலயா?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷம். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க மூணு செட் போயிருச்சு. இதயத்துக்கு எத்தனை அறைன்னு யார் யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான் சொல்லிக் குடுக்கல." எழுந்து போய்த் தன் எடையை எடுத்தாள். "சரி, பேச்சு போதும். உங்க முறை."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஆனால் தூக்கும்போது அவர் முகத்தில் கணக்குப் போடுகிறவனின் களை வந்துவிட்டது. சமத்துவக் கோட்டின்படி அறுபதுக்குக் கீழே வந்தால் நாற்காலி உண்டு. நேர்மையான கோட்டின்படி வர இன்னும் நாலு வயது இறங்க வேண்டும். எலும்பு அந்த வேகத்தில் வேலை செய்யாது என்று அவருக்கு இப்போது தெரியும். கோட்டைத் திருத்தும் அதிகாரம் தலைவர் ஒருவருக்கே உண்டு. சட்டம் எழுதியபோது புகழைக் கமிட்டியோடு பங்கு போட மனமில்லாமல் அவரே அப்படி எழுதிக்கொண்டார். நாற்காலியில் இருந்தால்தான் திருத்தலாம். திருத்தினால் நாற்காலியில் இருக்க முடியாது.

மறு அளவீட்டு நாள் வந்தது. வாரிய அரங்கில் இந்த முறை திரை வைக்கவில்லை. விக்டர் ஞானராஜ் முன்னெச்சரிக்கையாக மேளக்காரரையும் அழைக்கவில்லை. கிருபாகரன் கையை விட்டார், குதிகாலை வைத்தார், பிடியை அழுத்தினார். நாற்காலியிலிருந்து எழுந்தார். சும்மா எழுந்தார், அவ்வளவுதான். சிவநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐம்பத்தொன்பது.

பொன்னாடைகள் வந்தன. விக்டர், கடந்த ஓராண்டாகத் தாம் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்ட நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விலகி நின்று, கையால் வழி காட்டினார். கிருபாகரன் அதில் உட்கார்ந்தார். மெத்தை முன்பைவிட ஆழமாக உள்ளே இழுத்தது. எழுந்திருக்க எவ்வளவு தெம்பு வேண்டும் என்று தொடை தானாகவே கணக்குப் பார்த்தது.

"நிலுவை நிறைய இருக்கு சார்" என்றார் விக்டர். "மேல்முறையீடுகள். எல்லாம் வழக்கமானதுதான். மணியைப் புதுசா மாத்தியிருக்கேன், நல்லாக் கேக்கும்."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு ஆணை எழுதணும். சிவநேசா, உக்காரு."

சிவநேசன் உட்கார்ந்தார். தலைவர் சொல்லச் சொல்ல எழுதினார். பெண்களுக்குத் தனிக் கோடு, ஆண்களுக்குத் தனிக் கோடு. இதுவரை அளந்த எல்லோருக்கும் மறு கணக்கு. வாரிய உறுப்பினர்களும் அளவீட்டுக்கு உட்பட்டவர்கள். இன்று முதல் அமல். தவறாக ஓய்வு பெற்றவர்கள் பள்ளிகளும் அலுவலகங்களும் திறக்கும் அன்றே பணிக்குத் திரும்பலாம்.

விக்டர் மெதுவாக நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், புதுக் கோட்டுப்படி உங்களுக்கு எவ்வளவு வரும்?"

"அறுபத்து மூணு."

"அப்ப இந்த ஆணையில கையெழுத்துப் போட்ட கையோட நீங்க..."

"ஆமா."

"தலைவர் பதவிக்கு மட்டும் விதிவிலக்குன்னு ஒரு வரி சேத்துரலாமே. மாண்பு கருதின்னு."

"ஒரு வருஷமா அந்த மாண்பைத்தான் நான் குடத்துல சுமந்து மாடிக்கு ஏத்திக்கிட்டிருந்தேன் விக்டர். போதும்."

விக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, யாருக்காகவோ கேட்பதுபோல, "எனக்கு எவ்வளவு வரும்னு தோணுது?" என்றார்.

"அந்த நாற்காலியில இருந்து கையை ஊணாம எழுந்திருங்க, சொல்றேன்."

விக்டர் எழுந்திருக்கவில்லை. கிருபாகரன் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் அவருக்கு நான்கு வயது கூடியது. உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கே அவர் வீட்டுக்கு வந்துவிட்டதைப் பார்த்துத் தேன்மொழி கரண்டியோடு வெளியே வந்தாள். "என்ன, பாஸாகலையா?"

"பாஸாயிட்டேன். அப்புறம் ஃபெயிலாக்கிக்கிட்டேன்."

நடந்ததைச் சொன்னார். கேட்டு முடித்ததும் அடுப்பைத் தணிக்கிறேன் என்று உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. வரும்போது கண் லேசாகச் சிவந்திருந்தது. வெங்காயம் என்றாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயம் இல்லை.

"அப்ப எனக்கு எவ்வளவு இப்ப?"

"நீ இத்தனை நாள் தூக்கியிருக்க. இப்ப அளந்தா புதுக் கோட்டுல நாப்பத்தேழு வரும்."

"உங்களுக்கு அறுபத்து மூணு. பதினாறு வயசு வித்தியாசம்." தட்டை வைத்தாள். "எங்கம்மா இருந்திருந்தா இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிச்சிருக்கவே மாட்டாங்க."

வாரியத்தில் அந்த வாரம் பெரிய கலக்கம். ஒன்பது உறுப்பினர்களில் ஏழு பேர் அளவீட்டோடு வீட்டுக்குப் போனார்கள். விக்டருக்கு அறுபத்தாறு வந்ததாகப் பேச்சு. உறுப்பினர் நாற்காலிகளில் யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல் அரசு கொஞ்ச நாள் தவித்தது. அப்புறம் ஓய்விலிருந்து திரும்பிய தாசில்தார் அம்மாவைத் தலைவராகப் போட்டார்கள். அவர் முதல் வேலையாக மெத்தையை எடுத்துவிடச் சொன்னாராம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தேன்மொழி நீலப் புடவை கட்டிக்கொண்டாள். நான்கு வருடமாகப் பேசாத பாடத்தை வழியெல்லாம் வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டு வந்தாள். கூடவே கிருபாகரனும் உறையூர் பஸ்ஸில் ஏறினார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, கடைத்தெருவில் வேலை இருக்கிறது என்றார். ஒரு வேலையும் இல்லை.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் ரெஜினாதான், போன வாரம் பணிக்குத் திரும்பியவள். கிருபாகரனின் மெய்வயது அட்டையை வாங்கிக் கையிலிருந்த கருவியில் தட்டினாள். முன்பக்கம் முதியோர் இருக்கை ஒன்றின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

"பெரியவரே, சீட் உங்களுக்குத்தான். சட்டம்" என்றாள் ரெஜினா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"அந்தம்மாவை உக்காரச் சொல்லு."

"அவங்க சின்னப் பொண்ணு சார். நிக்கட்டும்."

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தேன்மொழி யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் போய் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள். கிருபாகரன் கம்பியைப் பிடிக்காமல் அவள் அருகில் நின்றார். வண்டி திருப்பத்தில் சாய்ந்தது. கெண்டைக்காலில் ஒன்று இறுகியது, காலின் முன்பக்கத்தில் ஒன்று தளர்ந்தது, இடுப்பில் ஏதோ ஒன்று மெல்ல இழுத்துப் பிடித்தது. மறு திருப்பத்தில் தளர்ந்தது இறுகியது, இறுகியது தளர்ந்தது. யாரும் தலைமை தாங்கவில்லை. யாரும் முன்னிலை வகிக்கவில்லை. வரவேற்புரையும் இல்லை. ஆனாலும் அவர் விழாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இதயத்துக்கு நாலு அறை" என்று அவள் முணுமுணுப்பது கேட்டது.

சரிதான் என்பதுபோல் அவர் தலையசைத்தார்.